கட்டிங் மேட் சரக்கு: வெள்ளத்துக்குப் பயந்து வெயிலில் வைக்கலாமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வட்டாரத்துத் தையல் சாமான் கடைகளிலும் ஸ்டேஷனரி கடைகளிலும் சில ஆண்டுகளாகக் கட்டிங் மேட் என்ற சரக்கு நின்று விற்பனையாகி வருகிறது. பச்சையாகவோ கறுப்பாகவோ கட்டம் போட்டு, அளவுக்கோடு அச்சிட்டு வரும் தட்டையான விரிப்பு அது. வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கும் பெண்கள் வாங்குகிறார்கள். தரமணியில் 1995 முதல் இயங்கும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களும், வண்டலூர்ப் பக்கம் கட்டடக்கலை படித்து அட்டையில் மாடல் செய்யும் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். துண்டுத் துணிகளை அளவாக வெட்டி இணைத்துத் தைக்கும் 'குயில்ட்' வேலைக்காக வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் சென்னையிலேயே குயில்ட்டுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடந்தது என்றால் அதன் வளர்ச்சியைப் புரிந்துகொள்ளலாம். துணியை வெட்டி வைத்துத் தைப்பது நமக்கும் புதிதல்ல. தேரில் தொங்கும் தொம்பைகள் அப்படித் தைக்கப்பட்டவைதானே!

விற்பனை வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்தால் எங்கள் குடோனுக்கு ரிட்டர்ன் வரத் தொடங்குகிறது. "மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது", "நடுவில் உப்பியிருக்கிறது", "தரையில் வைத்தால் ஆடுகிறது" என்று புகார்கள். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் குறை சொல்கிறார். மொத்த வியாபாரி இறக்குமதியாளரைக் கைகாட்டுகிறார். கடைசியில் யாராவது ஒருவர் கைப்பிடித்தம் கொடுத்து முடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த சித்திரையிலும் இதே கதைதான்.

நம்முடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படி வளையும் சரக்கில் பெரும்பகுதி தயாரிப்புக் குறையால் வளையவில்லை. வைத்த இடத்தாலும் வைத்த விதத்தாலும் வளைகிறது. ஆகவே இந்த நஷ்டத்தைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சரக்கின் குணம்

1956இல் ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா என்பவர், நுனி மழுங்கியதும் ஒடித்துவிட்டு அடுத்த நுனியைப் பயன்படுத்தும் கத்தியை உண்டாக்கினார். இன்று எல்லா ஸ்டேஷனரி கடைகளிலும் விற்கும் ஒடிக்கும் கட்டர் அதுதான். அவர் தொடங்கிய ஓல்ஃபா கம்பெனியே 1979இல் துணி வெட்டும் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. சின்னச் சக்கரம் போன்ற பிளேடு துணிமேல் உருண்டு வெட்டும். நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். கத்தரிக்கோலுக்கு அடியில் எதுவும் தேவையில்லை. ரோட்டரி கட்டருக்கு அடியில் ஏதாவது இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மேஜையும் கெடும், பிளேடும் கெடும். அந்தத் தேவைக்குத்தான் கட்டிங் மேட்.

நாம் விற்பது பெரும்பாலும் பி.வி.சி. வகை. மூன்று அல்லது ஐந்து அடுக்குகளாக அழுத்திச் செய்யப்படுகிறது. மேலும் கீழும் சற்று மெதுவான அடுக்கு, நடுவில் கெட்டியான அடுக்கு. பிளேடு இறங்கும்போது மேல் அடுக்கு விலகி வழிவிட்டு, பிளேடு போனதும் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. இதைத்தான் "செல்ஃப் ஹீலிங்" என்று அட்டையில் போடுகிறார்கள். தானே ஆறிக்கொள்ளும் என்று பொருள்.

இந்தப் பெயரே வாங்குபவரை ஏமாற்றிவிடுகிறது. தானே ஆறும் என்றால் எப்படி வைத்தாலும் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். விற்பவர்களில் சிலரும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். கத்தி பட்ட கீறல் ஆறும் என்பது உண்மை. வெயிலில் வளைந்த வளைவு தானாக ஆறாது. பி.வி.சி. சூட்டில் இளகும் பொருள். இளகிய நேரத்தில் அது எப்படிக் கிடக்கிறதோ, சூடு தணிந்ததும் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். சாய்ந்து கிடந்தால் சாய்ந்தபடி, சுருண்டு கிடந்தால் சுருண்டபடி.

எடையையும் கவனிக்க வேண்டும். 60க்கு 45 சென்டிமீட்டர் உள்ள ஏ2 அளவு மேட், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். 90க்கு 60 உள்ள ஏ1 அளவு இரண்டு கிலோவைத் தாண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் இந்தப் பாரமே அதை வளைத்துவிடும். வெயில் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

வெள்ளமும் வெயிலும்

நம் பகுதிக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே பக்கம் மறுபடியும் அவதிப்பட்டது. நோட்டுப் புத்தகம், துணி, நூல் என்று நனைந்து வீணான சரக்கின் கணக்கை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதன் பிறகு நம் கடைகள் பலவற்றில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

துணிக்கும் காகிதத்துக்கும் அது சரியான ஏற்பாடுதான். கட்டிங் மேட்டுக்கு அது சரியல்ல. யோசித்துப் பாருங்கள். மேட்டைத் தண்ணீர் கெடுப்பதில்லை. நனைந்தால் கழுவித் துடைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி போகும், சரக்கு போகாது. ஆனால் பரணுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ இருந்தால் கோடையில் பகல் முழுவதும் அந்த அனல் சரக்கின் மீது இறங்குகிறது. 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த கணக்கு. தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே எவ்வளவு இருக்கும் என்பது பரணில் ஏறிச் சரக்கு எடுக்கும் பையனுக்குத்தான் தெரியும். எந்தச் சரக்கைத் தண்ணீர் கெடுக்காதோ அதைத் தண்ணீருக்குப் பயந்து, அதைக் கெடுக்கும் சூட்டில் கொண்டுபோய் வைக்கிறோம்.

மே 5 வணிகர் தினத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். கத்திரி வெயில் தொடங்கும் வாரமும் அதுதான். அன்று கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் ஷட்டர் இறங்கிய கடைக்குள் மின்விசிறியும் இல்லை, காற்றும் இல்லை. முகப்பில் சாய்த்து வைத்த மேட் அந்த ஒரு நாளிலேயே வளைந்துவிடலாம். முந்தின இரவு அதை எடுத்துத் தரையில் தட்டையாகக் கிடத்திவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும்.

நாம் சொல்வது இதுதான். பங்குனியிலிருந்து ஆவணி வரை கட்டிங் மேட் கீழே இருக்கட்டும். தரைக்கு அரை அடி உயரத்தில் மரப்பலகை போட்டு அதன்மேல் கிடத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பு உயர ரேக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் பெட்டிக்குள் புகுந்தால் சேறு ஒட்டும், அட்டை ஊறி அடுக்கு சரியும் என்பதற்காக இந்த மாற்றம். பரணுக்கு எந்த மாதத்திலும் வேண்டாம்.

மொத்த வியாபாரிகள் செய்ய வேண்டியவை

கடைக்காரர்களுக்குச் சொல்லும் முன் எங்கள் இனத்தாருக்குச் சொல்லிவிடுகிறோம். சரக்கு நல்ல நிலையில் கடை போய்ச் சேருவது மொத்த வியாபாரியின் பொறுப்பு.

முதலாவது, மேட்டைச் சுருட்டி அனுப்பக் கூடாது. சின்ன ஏ4 கூட தட்டையாகவே போக வேண்டும். இரண்டாவது, பண்டலின் மேலும் கீழும் மேட்டின் அளவுக்குச் சரியான கெட்டி அட்டை அல்லது பிளைவுட் துண்டு வைத்துக் கட்ட வேண்டும். கயிறு மேட்டின் விளிம்பில் நேராக இறங்கினால் அந்த இடம் நசுங்கி, பள்ளம் நிற்கும். மூன்றாவது, ஓர் அடுக்கில் பெரிய அளவு கீழேயும் சிறிய அளவு மேலேயும் இருக்கட்டும். சின்னதன்மேல் பெரியதை வைத்தால் வெளியே நீண்டிருக்கும் பாகம் தொங்கிவிடும். நான்காவது, சித்திரை, வைகாசியில் பாரிமுனையிலிருந்து வரும் சரக்கை மத்தியானம் ஏற்ற வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மூடிய வண்டி நிற்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலோ மாலை தாழ்ந்த பிறகோ ஏற்றலாம்.

ஐந்தாவதாக ஒரு காகித விஷயம். இறக்குமதிச் சரக்கின் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், விலாசம், எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகள் சொல்கின்றன. இவை இல்லாமல் மொட்டையாக வரும் மலிவுச் சரக்கை எடுக்காதீர்கள். வளைந்தால் திருப்பிக் கேட்க விலாசம் இல்லாத சரக்கு அது.

கடையில் வைக்கும் முறை

இடம் குறைவு என்பதால் பல கடைகளில் மேட்டைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று முகப்புக் கண்ணாடியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலை ஏறத்தாழ வடக்குத் தெற்காகப் போகிறது. ஆகவே ஒரு வரிசைக் கடைகளுக்குக் காலை வெயிலும் எதிர் வரிசைக்குப் பிற்பகல் வெயிலும் நேராக விழும். கண்ணாடிக்குள் விழும் வெயில் வெளி வெயிலைவிடக் கொடுமையானது. முகப்பில் காட்சிக்கு வேண்டுமானால் காலி அட்டையை வையுங்கள்.

தட்டையாகக் கிடத்த இடம் இல்லாவிட்டால் தொங்கவிடலாம். மேட்டில் துளை இருந்தால் ஆணியில் மாட்டலாம். துளை இல்லாவிட்டால் மேல் விளிம்பில் இரண்டு பெரிய கிளிப் போட்டு, சுவரோடு ஒட்டினாற்போல் தொங்கவிடலாம். தொங்கும்போது பாரம் நேராகக் கீழே இறங்குவதால் வளையாது. சாய்த்தால்தான் வளையும். வெயில் படாத சுவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தட்டையாக அடுக்கினால் அடுக்கின்மேல் வேறு சரக்கு ஏற்ற வேண்டாம். நூல்கண்டுப் பெட்டியும் ஜிப் பண்டலும் மேட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பல கடைகளில் பார்க்கிறோம். அந்த மூலை பிறகு சரியாவதில்லை.

"மாதத்துக்குப் பத்து மேட் விற்கிற கடையில் இவ்வளவு பத்தியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்தில் இரண்டு வளைந்து நின்றால் மற்ற எட்டில் கிடைத்த லாபம் அதற்கே சரியாகிவிடும். இது ஸ்கேல், பென்சில் போன்ற சரக்கல்ல. பெரிய அளவும் பெயர் பெற்ற கம்பெனியும் என்றால் ஒரு மேட்டின் விலையே ஆயிரங்களில் நிற்கிறது.

வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது

தாம்பரம் மார்க்கெட்டில் மேட் வாங்கிக்கொண்டு போகும் பெண் அதை ஸ்கூட்டரில் மடக்கிச் சொருகிக்கொண்டு போகிறார். வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார். வெட்டி முடித்ததும் அதன் மேலேயே துணியை விரித்து அயர்ன் பண்ணுகிறார். டீ டம்ளரையும் சூடாக அதன்மேல் வைக்கிறார். ஒரு மாதத்தில் மேட் போய்விடுகிறது. அவருக்கு அது ஒரு வாரத் தையல் கூலி. நாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

சொல்ல வேண்டியவை அதிகமில்லை.

மேட்டைக் கட்டிலுக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ தட்டையாக வையுங்கள். மேஜையில் வைத்து வெட்டும்போது மேட் முழுவதும் மேஜைக்குள் இருக்கட்டும், விளிம்பு வெளியே தொங்க வேண்டாம். வெயில், அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஆகாது. காரில் பின் கண்ணாடி ஓரம் போட்டு வைக்காதீர்கள்.

ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வெட்டாதீர்கள். மேட்டை அவ்வப்போது திருப்பிப் போட்டு இடம் மாற்றி வெட்டினால் கீறல் ஆற அவகாசம் கிடைக்கும். மழுங்கிய பிளேடால் அழுத்தி வெட்டினால் மேட் ஆழமாக அறுந்துவிடும், அது ஆறாது. பிளேடை மாற்றும் செலவு மேட்டை மாற்றும் செலவைவிடக் குறைவு. கடைக்காரருக்கும் பிளேடு விற்பனை தொடர்ந்து வரும்.

கீறலுக்குள் நூல் பிசிறும் சாக்பீஸ் தூளும் சேரும். அவை உள்ளே இருந்தால் கீறல் மூடாது. நாள் முடிவில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பென்சில் ரப்பரால் தேய்த்தால் பிசிறு வந்துவிடும். அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் கலந்து கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் தட்டையாகக் காயவைக்கலாம். வெந்நீர் கூடாது. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் கூடாது. அவை அச்சுக் கோட்டையும் அழிக்கும், மேட்டையும் கெடுக்கும்.

இவற்றைத் தமிழில் ஒரு கைச்சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு மேட்டோடும் வைக்கலாம். அச்சுச் செலவை மொத்த வியாபாரிகள் ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. நூறு மேட் விற்றால் வரும் லாபத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

வளைந்ததை என்ன செய்வது

இலேசாக மூலை தூக்கியதைச் சரிசெய்து பார்க்கலாம். வெயில் நேராகப் படாத, ஆனால் வெதுவெதுப்பான அறையில், சமமான டைல்ஸ் தரையில் வளைவின் மேடு மேல்பக்கம் வரும்படி கிடத்தி, அதன்மேல் மேட்டின் அளவுக்கு ஒரு பலகை வைத்து, பலகையின்மேல் கனமான புத்தகக் கட்டுகளைச் சமமாக ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். அவசரப்பட்டு அயர்ன் பண்ணியோ, வெந்நீர் ஊற்றியோ சரிக்கட்ட முயன்றால் உள்ளதும் போய்விடும். அலையலையாக நெளிந்தது எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாது.

நிமிர்த்திய மேட்டைப் புதிய சரக்கோடு கலந்து விற்கக் கூடாது. "நிமிர்த்தியது" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள். வாங்குகிறவருக்கு ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், வளைந்த மேட்டில் வைத்த ஸ்கேல் ஆடும். ஸ்கேல் ஆடினால் ரோட்டரி பிளேடு விரலில் ஏறும். அது சவர பிளேடு போலக் கூர்மையானது. இது வெறும் சரக்கு நஷ்டமல்ல.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவு, விற்பவரின் பொறுப்பைப் பற்றிச் சொல்கிறது. பொருளைச் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் விற்பவர் தக்க கவனம் எடுக்காவிட்டாலோ, தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் உபயோக முறையையும் வாங்குபவருக்குச் சேர்ப்பிக்காவிட்டாலோ, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரே பதில் சொல்ல வேண்டிவரும். மேட் வளைந்ததற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வளைந்த மேட்டால் கை வெட்டுப்பட்டால் பொருந்தக்கூடும். கைச்சீட்டு கொடுப்பது நமக்கும் பாதுகாப்பு என்பதை உணர வேண்டும்.

ரிட்டர்னுக்கு ஒரு முறை

கடைசியாக, சண்டைக்குக் காரணமான ரிட்டர்ன் விஷயம். நம் வட்டார வியாபாரிகள் கூடிப் பேசி ஒரு பொது முறைக்கு வரலாம் என்று முன்வைக்கிறோம்.

சரக்கு இறங்கியதும் கடைக்காரர் பண்டலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சமதரையில் கிடத்திப் பார்க்கட்டும். மூலை தூக்கினால், நடு உப்பினால், விளிம்பு நசுங்கியிருந்தால் டெலிவரி சலானிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். கூட்ட நேரத்தில் இறங்கினால் இரண்டு நாள் அவகாசம் இருக்கட்டும். அதற்குள் சொன்ன சரக்கை மொத்த வியாபாரி மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தர வேண்டும். அதன் பிறகு வளைந்தால் அது கடையில் வளைந்தது, அந்தப் பொறுப்பு கடையைச் சேர்ந்தது. அடுக்குகள் தானே பிரிந்தால், அச்சுக்கோட்டின் அளவு தவறாக இருந்தால், அது தயாரிப்புக் குறை. அதற்கு நாள் கணக்குப் பார்க்கக் கூடாது.

இது மொத்த வியாபாரிக்குச் சாதகமான ஏற்பாடு என்று சில நண்பர்கள் சொல்லலாம். அப்படியல்ல. சரக்கைத் தட்டையாக அனுப்பும் செலவு, கைச்சீட்டுச் செலவு, இரண்டு நாளில் மாற்றித் தரும் கடமை எல்லாம் எங்கள் தலையில்தான். கடைக்காரர் செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பதும் சரியான இடத்தில் வைப்பதும்தான்.

ஆன்லைன் வியாபாரம் வந்து நம் கல்லாவைக் குறைத்துவிட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். கட்டிங் மேட்டைப் பொறுத்தவரை நம் கடையில் கிடைத்து அங்கே கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் மேட் சுருட்டி வருவதும் உண்டு, பார்சலில் நசுங்கி வருவதும் உண்டு. நம் கடையில் வாடிக்கையாளர் கண்ணெதிரே மேட்டைக் கண்ணாடிக் கல்லாமேல் கிடத்தி, "பாருங்கம்மா, நாலு மூலையும் படிஞ்சிருக்கு" என்று காட்டி விற்க முடியும். அப்படிக் காட்ட வேண்டுமானால் மேட் முதலில் தட்டையாக இருக்க வேண்டும்.

அடுத்த பங்குனி பிறக்கும் முன் ஒவ்வொரு கடைக்காரரும் தம் பரணில் ஏறிப் பார்த்து, மேட் இருந்தால் கீழே இறக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ரிட்டர்ன் முறை பற்றி மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அதை இந்த இதழுக்கே எழுதட்டும். பொதுவில் பேசி முடிவெடுப்போம்.